கள்ளி உள்ளே போனாள்

இன்று மாலை ஐந்தரைக்குத் தொட்டியின் மேல் பெட்டியைக் கவிழ்த்தேன். நாளைக் காலை ஏழரைக்கு எடுப்பேன். அக்டோபர் நடுவிலிருந்து மொட்டு தெரியும் வரை, ஏறக்குறைய ஆறு வாரம், தினம் பதினான்கு மணி நேர இருட்டு. புனேயில், ஔந்துப் பகுதியில் இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வருடமும் தவறவில்லை. எதிர் வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, "ஒரு செடிக்கு இவ்ளோ டைம்டேபிளா ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு இருபத்தாறு வயது.

உங்களிடம் முழுவதும் சொல்லலாம். நீங்கள் என் வயதுக்காரர்கள். ரயில் பாதைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, கட்கியில் ஏதாவது ஒரு குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். அடுத்த வீட்டில் அடி விழுந்தால் உங்கள் வீட்டில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் விழுந்தபோதும் கூட்டினார்கள். அந்த வருடங்களின் பாட்டுகள் எல்லாம் எனக்கு உரத்த குரலில்தான் நினைவிருக்கின்றன.

எனக்கு அப்போது பத்து வயது. வெடிமருந்துத் தொழிற்சாலையின் கிடங்கில் அப்பாவுக்கு வேலை. எந்தப் பெட்டி எத்தனை மணிக்கு உள்ளே போனது, எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று பதிவேட்டில் எழுதுவார். அவர் பதிவேட்டில் ஓர் அடித்தல்கூட இருக்காது என்று அவருடைய நண்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அடித்தல் எல்லாம் வீட்டில்தான்.

அதையும் ஒழுங்காகவே செய்தார். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியின் இரண்டாவது தட்டில் வைப்பார். பிறகு வலது சட்டைக் கையை முழங்கை வரை மடிப்பார். கதவுக்குப் பின்னால் ஆணியில் சீருடை பெல்ட் தொங்கும். அதை எடுப்பதும் எடுக்காததும் காரணத்தைப் பொறுத்தது. பருப்பில் உப்பு கூடினால் கை. சட்டையில் பொத்தான் குறைந்தால் கை. பதில் சொன்னால் பெல்ட். கடிகாரப் பட்டையின் கொக்கி விடுபடும் 'டிக்' சத்தம் கேட்டாலே நான் கட்டிலுக்கடியில் போய்விடுவேன். அங்கிருந்து அம்மாவின் பாதங்கள் மட்டும் தெரியும். அவை பின்வாங்கும், சுவரில் முட்டும், பிறகு ஒரு பாதம் மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். அம்மா கத்த மாட்டாள். அவளுடைய கால்விரல்கள் மடங்கி விரிவதை வைத்து எத்தனை அடி என்று எண்ணுவேன்.

ஒரே சுவர் நடுவில் இருக்க, அடுத்த வீட்டில் நர்ஸம்மா இருந்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை. திருநெல்வேலிப் பக்கம், தனி ஆள். ஒருமுறை அம்மாவின் கிழிந்த உதட்டைப் பார்த்துவிட்டு நேராக அப்பாவிடமே வந்து காரணம் கேட்டவர். அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

நர்ஸம்மாவின் தங்கைக்கு உடம்பு முடியாமல் போக, அவர் அக்டோபர் நடுவில், கிறிஸ்மஸ் வரை விடுப்பெடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். அந்தப் பருவத்தில் அப்பாவுக்குத் தொடர்ந்து இரவு வேலை. மாலை ஐந்துக்குச் சைக்கிள் எடுத்தால் காலை எட்டுக்குத்தான் திரும்புவார். அவர் போனதும் நர்ஸம்மா எங்களைத் தன் வீட்டுப் பின்பக்க வராண்டாவுக்குக் கூப்பிட்டார். அங்கே மண்தொட்டியில் ஒரு செடி.

"இது கள்ளி வகைதான் புள்ள. ஆனா முள்ளு கிடையாது. தொட்டுப் பாரு."

அம்மா தொட்டாள். தட்டைத் தட்டையான துண்டுகளை ஒன்றோடொன்று கோர்த்தது போன்ற தண்டு. ஓரங்களில் நண்டுக் காலில் இருப்பதுபோலச் சிறு பற்கள், ஆனால் குத்தவில்லை.

"சரியா கிறிஸ்மஸுக்குப் பூக்கும். ஆனா சாயங்காலத்துல இருந்து இதுக்கு முழு இருட்டு வேணும், கேட்டியா. உங்க வீட்டுல ட்யூப் லைட்டு எரியும், ஆகாது. என் வீட்டுக்குள்ள கொண்டு வச்சு, மேல இந்த மருந்துப் பெட்டியக் கவுத்திரு. காலைல எடுத்து வராண்டால வை. நேர் வெயில் வேண்டாம். மேல் மண்ணு காஞ்சாத் தண்ணி ஊத்து. மொட்டு விட்ட பொறவு தொட்டியத் திருப்பாத, உதுத்துரும். சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

"அவருக்குத் தெரிஞ்சா வம்புக்கா."

"ஒரு செடிக்குத் தண்ணி ஊத்த அவன்கிட்ட மனு போடணுமோ? ஏட்டி, நீதான் பொறுப்பு. மணி பாத்துச் செய்யணும்."

கடைசி வாக்கியம் என்னிடம். மணி பார்த்துச் செய்வது எனக்குப் பிடித்த வேலை. அப்பாவின் மகள்தானே.

சாவி மிளகாய்த் தூள் டப்பாவுக்குள் போனது. பித்தளைச் சாவி. எடுக்கும்போதெல்லாம் அம்மாவின் விரல் நுனி சிவக்கும்.

அப்பா எனக்கு ஒரு பழைய பதிவேட்டைக் கொடுத்திருந்தார். கிடங்கில் ஒதுக்கியது, பாதிப் பக்கங்கள் காலி. அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பெயர், உள்ளே, வெளியே, குறிப்பு என்று தலைப்பு எழுதித் தந்தார். "எழுதிப் பழகு. எழுதாதது நடக்காததுன்னு அர்த்தம்" என்றார். அதில் எழுத எனக்கு அதுவரை எதுவும் இருக்கவில்லை. இப்போது கள்ளி கிடைத்தது.

நான் படித்தது மராத்திப் பள்ளியில். தமிழ் எழுத்து அம்மா சொல்லிக் கொடுத்து அரைகுறையாக வந்தது. மராத்தியில் கரண்டிக்கும் கதவுக்கும்கூட ஆண் பெண் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். மொட்டுக்கு அதில் 'களீ' என்று பெயர், பெண்பால். கள்ளியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முதல் வரியை எழுதி அம்மாவிடம் காட்டினேன். பெயர்: கள்ளி. உள்ளே போனாள், 5.30. வெளியே வந்தாள், 7.30.

அம்மா சிரித்தாள். அந்த வாரத்து உதட்டுக் காயம் ஆறாததால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"செடியப் போயி போனாள்னு யார்னா எழுதுவாங்களாடி? போனது, வந்ததுன்னு எழுது."

"மராத்தில பஸ்ஸே 'ஆலீ'தாம்மா. பஸ் வந்தாள்."

"பஸ் வந்தாளா? இன்னா, பொடவ கட்டிகினு வந்தாளா?" மறுபடியும் பொத்திக்கொண்டாள். "சரி, இருக்கட்டும். நம்ம கள்ளி பொம்பளயாவே இருக்கட்டும்."

அம்மா அன்று திருத்தியிருக்கலாம். சிரிப்பு வந்ததால் விட்டுவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்பு வரும் காரணங்கள் குறைவு.

ஐந்தரைக்கு நாங்கள் பின்பக்கமாக நர்ஸம்மா வீட்டுக்குள் போவோம். ஃபினாயில் வாடை, மூடிக் கிடந்த வீட்டின் குளிர்ச்சி, மருந்துப் பெட்டியின் அட்டை மணம். பெட்டியைக் கவிழ்த்த பிறகும் அம்மா உடனே கிளம்ப மாட்டாள். நர்ஸம்மாவின் பிரம்பு நாற்காலியில், விளக்கு போடாமல் உட்கார்ந்திருப்பாள். முதலில் பத்து நிமிடம். நவம்பரில் அது நாற்பது நிமிடம் ஆனது. அவள் எதுவும் செய்ததில்லை. தோள்கள் மட்டும் மெல்ல இறங்கும். சாதாரணமாக அவள் தோள்கள் காதுக்குப் பக்கத்தில் இருந்திருக்கின்றன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

குறிப்புப் பத்தியில் நான் எழுதியவை: தண்ணீர் குடித்தாள். வெயில் பட்டு முகம் சிவந்தாள். நன்றாகத் தூங்கினாள். அப்பாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பா வீட்டில் இருப்பார். அன்று விளையாடப் போவதாகச் சொல்லிவிட்டு, தொட்டியை நானே உள்ளே வைப்பேன், மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் சாக்கில் எடுப்பேன்.

நவம்பர் நடுவில் தண்டு நுனிகளில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் வந்தன. பதினொன்று. இனி பெட்டி தேவையில்லை என்று நர்ஸம்மாவின் கடிதத்தில் இருந்தது. அம்மா அதைப் படித்து மடித்தாள். "இன்னும் கொஞ்ச நாளு வைக்கலாம்" என்றாள்.

இத்தனை வருடம் செடி வளர்த்த பிறகு ஒன்று சொல்ல முடியும். விளக்கு படாத எந்த மூலையில் வைத்தாலும் புனேயின் நவம்பரில் அது தானாகவே பூத்துவிடும். எங்கள் வீட்டுப் பின்கட்டே போதுமாயிருந்திருக்கும். நர்ஸம்மாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அவருக்கு ஒரு சாவியைக் கொடுக்க வேண்டியிருந்தது, அதற்கு ஒரு செடி தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். கேட்டு உறுதி செய்துகொள்ள இப்போது அவர் இல்லை.

அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு. மாலை ஆறு மணிக்கு அப்பா என் பள்ளிப் பையைச் சோதித்தார். வாராவாரம் நடப்பதுதான், பென்சில் கூர், நோட்டு அட்டை, நகம். பதிவேட்டை நான் தவறுதலாகப் பையிலேயே விட்டிருந்தேன். அவர் அதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினார்.

"இத நீயா எழுதின?"

"ஆமாப்பா."

"அல்லாம் நெசமா?"

"நெசம்பா. டைம்லாம் கரெக்டா பாத்து எழுதினேன்."

பெருமையாகத்தான் சொன்னேன். நன்றாக எழுதியிருக்கிறாய் என்பார் என்று காத்து நின்றேன். மேல் தலைப்பில், 'நர்ஸம்மா வீடு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அதன் கீழே ஆறு வாரம், அவர் வீட்டில் இல்லாத நேரத்துக்குச் சரியாக, ஒரு கள்ளி உள்ளே போனாள், வெளியே வந்தாள், முகம் சிவந்தாள், நன்றாகத் தூங்கினாள், அப்பாவுக்குத் தெரியாது. அப்பா வேலூர்க்காரர். அவருடைய தமிழில் 'போனாள்' என்றால் ஒரு பெண்தான் போக முடியும்.

அன்று அவர் கடிகாரத்தைக் கழற்றவில்லை. அதனால் எனக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லை.

அம்மா அடுப்படியில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டின் தடித்த அட்டை அவள் காதில் விழுந்தது. அவள் சாய்ந்து எழுவதற்குள் பூரிக்கட்டை அவர் கைக்குப் போய்விட்டது.

"எவன்டி உள்ள கீறான்?"

"இன்னா சொல்றீங்க?"

"ராத்திரியெல்லாம் நான் அங்க சாவறேன். நீ அடுத்த வூட்டுல தூங்கி எழுந்து வர்ற. கள்ளி! நீ பெத்த பொண்ணே பேரு வச்சிகீறா பாரு."

முதுகு, தோள், தடுக்க வந்த கை. நான் கட்டிலுக்கடியில் போகவில்லை. பேச வேண்டியது நான்தான் என்று தெரிந்தது. வாயைத் திறந்தால் மராத்திதான் வந்தது. "ஆயி நாஹீ, ஜாட் ஆஹே, ஜாட்." அம்மா இல்லை, செடி, செடி. அவர் மராத்தி கற்காமல், கிடங்கில் இந்தி பேசியே காலம் தள்ளியவர். ஏதோ எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்துகொண்டார். என்னை ஒரு கையால் தள்ளினார். அலமாரிக் கதவின் மூலை என் புருவத்தைக் கிழித்தது. அந்தத் தழும்பு இப்போதும் கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே தெரியும்.

"சாவி எங்க?"

அம்மா மிளகாய் டப்பாவைப் பார்த்துவிட்டாள். அவர் அதைத் தரையில் கொட்டினார். தூள் எழும்பி மூவருக்கும் கண் எரிந்தது. இருமிக்கொண்டே, கண்ணீர் வழிய, அவளைக் கூந்தலைப் பிடித்து இழுத்துப் போனார். எங்கள் வாசலிலிருந்து நர்ஸம்மா வாசல் பதினோரு அடி. வரிசையில் ஒவ்வொரு வீடாக ரேடியோ சத்தம் உயர்ந்தது.

உள்ளே கட்டிலுக்கடியில் பார்த்தார். குளியலறையில் பார்த்தார். அலமாரியைத் திறந்தார், நர்ஸம்மாவின் வெள்ளைச் சீருடைகள் மட்டும் தொங்கின. கடைசியாக மருந்துப் பெட்டியைத் தூக்கினார். பதினொரு மொட்டுகளோடு செடி.

எனக்குத் தமிழ் திரும்பியது. "இதாம்பா கள்ளி. நான்தான் உள்ள வச்சேன். இன்னிக்கும் நான்தான் வச்சேன்."

அவர் செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை, முகத்தில் பார்த்தேன். அந்த நிமிடத்தில் அது முடிந்திருக்க வேண்டும்.

புரிந்த பிறகுதான் அவர் அதிகம் அடித்தார். தொட்டியை உதைத்தார், அது சுவரில் மோதி உடைந்தது. தண்டுகள் சிதறின. அம்மா முட்டிபோட்டு அவற்றின் மேல் இடது கையை விரித்தாள். செருப்புக் கால் அந்தக் கையின் மேல் இறங்கியது, ஒருமுறை, இன்னொருமுறை. இரண்டாவது முறை மணிக்கட்டில் கேட்ட சத்தம், அவள் அதுவரை அடக்கி வைத்திருந்த குரலை வெளியே கொண்டுவந்தது. அப்போதுதான் ரேடியோக்கள் நின்றன. அவர் கடிகாரத்தின் கண்ணாடியில் விரிசல் விழுந்திருந்தது. அதைத்தான் முதலில் துடைத்துப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்டுத் திரும்பிய பிறகு அவர் பதிவேட்டை என் முன்னால் வைத்தார். அவர் சொல்ல நான் எழுதினேன்: அம்மா படியில் விழுந்தாள், 6.40. "வேற எதனா யார்கிட்டயாவது சொன்ன, அவளோட இன்னொரு கையும் போவும்" என்றார். அந்தப் பதிவேட்டில் இலக்கணம் சரியாக அமைந்த முதல் வரி அதுதான். முதல் பொய்யும் அதுதான்.

அவருடைய வேலையே உள்ளே வெளியே சரிபார்ப்பதுதான். ஆனால் ஒன்றை அவர் பார்க்கவில்லை. ஆறு ஞாயிறுகளிலும் கள்ளி ஐந்தரைக்கு உள்ளே போயிருந்தாள். அந்த ஆறு ஞாயிறுகளிலும் அதே நேரத்தில் அம்மா அவர் கண்ணெதிரே சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மா சொல்லச் சொல்ல, சிதறியதை நான் பொறுக்கினேன். மூன்று துண்டு சேர்ந்தாற்போல் உள்ளவற்றைத் தனியாக எடுத்து, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, ஒரு வனஸ்பதி டின்னில் நட்டேன். இருந்த மொட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. எழுதினேன்: விழுந்தது, விழுந்தது, விழுந்தது. அதன் பிறகு நான் எந்தப் பொருளையும் பெண்ணாக எழுதியதில்லை.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் காலை நர்ஸம்மா வந்தார். பத்து மணி, அப்பா இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் கைக்கட்டைப் பார்த்து, "என்ன புள்ள இது?" என்றார்.

"படியில விழுந்துட்டேன்க்கா."

நர்ஸம்மா எங்கள் வாசலின் இரண்டே படிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் வீட்டுக்குள் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, உங்கிட்டதான பொறுப்பக் குடுத்தேன். கணக்கக் கொண்டா" என்றார். பதிவேட்டைக் கொடுத்தேன். கடைசி வரி வரை வாசித்தார். எங்கள் வாசலோரம் வைத்திருந்த டின்னை எட்டிப் பார்த்தார்.

"செடியும் படியில விழுந்துச்சோ?"

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குறட்டை கேட்டது. இன்னொரு கை என்று அவர் சொன்னது காதில் இருந்தது. அம்மா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை.

"அது பொய்" என்றேன். "நான்தான் எழுதினேன்." பிறகு நடந்ததை வரிசையாக, மணியோடு சொன்னேன். சொல்லி முடித்தபோதும் குறட்டை நிற்கவில்லை.

நர்ஸம்மா எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். "அப்ப அத அடிச்சுட்டு எழுது."

ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். மேலே சிறிய எழுத்தில், அப்பா உடைத்தார் என்று எழுதினேன். நான் அடித்த முதல் அடித்தல்.

அம்மா அதை வாங்கி வாசித்தாள். சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய, இரண்டு தடவை.

கிறிஸ்மஸ் அன்று தொழிற்சாலைக்கு விடுமுறை. அப்பா வீட்டில் இருந்தார். மாலை அம்மா என் பள்ளிப் பையில் நோட்டுகளோடு இரண்டு கவுன்களையும் தன் இரண்டு புடவைகளையும் திணித்து என் தோளில் மாட்டினாள். வனஸ்பதி டின்னை வலது கையால் அணைத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"எங்கடி போற?"

அவள் நிற்கவில்லை. 'டிக்' என்ற சத்தம் கேட்டது. அப்பா கடிகாரத்தைக் கழற்றியிருந்தார். அலமாரிக்குத் திரும்பிப் போக நேரமில்லாமல், அதைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்தார். நர்ஸம்மா தன் வீட்டு வாசலில் சீருடையோடு நின்றிருந்தார். அப்பாவின் கை அம்மாவின் கூந்தலுக்கு நீண்டபோது அந்த மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, அவரை வாசல் படியில் உட்கார வைத்தார். எத்தனையோ சிப்பாய்களைக் கட்டிலில் அழுத்திப் பிடித்த கை அது.

"எழுந்திரிச்சுப் பாரு. மத்த கைக்கும் வேல இருக்கு."

வரிசையில் இருந்த எல்லாரும் வெளியே வந்திருந்தார்கள். அன்று ஒரு ரேடியோவும் பாடவில்லை.

அம்மா அடுத்த வாசலில் நின்று திரும்பினாள். அப்பாவின் கையில் விரிசல் விட்ட கடிகாரம்.

"உள்ள போறேன்" என்றாள். "கையிலதான் மணி இருக்குதே. பாத்து எழுதிக்கோ."

அவர் எழுதவில்லை. சில வருடம் கழித்து ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அவர் இறந்த செய்தி கடிதமாக வந்தது. என் மகள் சிறுமியாக இருந்தபோது ஒருநாள் பென்சிலைக் கூர் தீட்டாமல் வைத்ததற்கு நான் என் கடிகாரத்தின் கொக்கியைத் தொட்டேன். தொட்டதை உணர்ந்து கையை எடுத்தேன். அதற்குப் பிறகு நான் கடிகாரம் கட்டுவதில்லை. மணி பார்க்கச் சுவர்க் கடிகாரம்தான்.

அடுத்த டிசம்பரில், நாங்கள் இருந்த நர்ஸம்மா வீட்டு ஜன்னலோரம் நான்கு பூக்கள் வந்தன. இப்போது என் வீட்டில் பெட்டிக்குள் இருப்பது அந்த டின்னின் வழியில் வந்ததுதான். பதிவேடும் என்னிடம் இருக்கிறது. அதில் படிந்த மிளகாய்த் தூளின் நெடி போய்விட்டது. அதன் கடைசி வரியை, அம்மா வாசல் மாறிய அன்று மாலை நான் எழுதினேன். பெயர்: அம்மா. உள்ளே போனாள், 5.30. 'வெளியே' என்ற கட்டம் காலியாக இருக்கிறது.